கருவி யார் கையில்?

(வெள்ளி விழாக் கல்வி அமர்வில், ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் சார்பில் நிகழ்த்திய உரை)



நம் கல்விக் கழகத்தின் உதவித்தொகையால் கல்லூரிப் படிப்பை முடித்து, இன்று ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் நால்வர் சார்பில் இவ்வுரை நிகழ்கிறது. 'வகுப்பறையில் தொழில்நுட்பம்' என்பது எங்களுக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. கணினியின் பெருமைகளையும் அதனால் விளையும் நன்மைகளையும் அடுக்கிச் சொல்வோம் என்று இத்தலைப்பைத் தந்த பெரியவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அது எளிய வேலைதான். பயிற்சிக் கல்லூரியில் அதற்கென்று ஒரு பாடமே உண்டு. தேர்வுக்காக அதனை மனப்பாடமும் செய்திருக்கிறோம். ஆயினும் நாங்கள் நால்வரும் கூடி அமர்ந்து இவ்வுரையை ஆயத்தம் செய்தபோது, எங்கே தொடங்கினாலும் பேச்சு ஒரே கேள்வியில் வந்து நின்றது. அந்தக் கருவி யார் கையில் இருக்கிறது? அதனைத் தொட்டுப் பழகுகிறவர் யார், எட்ட நின்று பார்க்கிறவர் யார்? அதைப் பற்றியே பேச விழைகிறோம்.

கரும்பலகையை இன்று யாரும் தொழில்நுட்பம் என்று சொல்வதில்லை. ஆயினும் பள்ளிகளில் அது பரவத் தொடங்கிய காலத்தில் அதுவும் ஒரு புதுக்கருவியே. அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது நிகழ்ந்த ஒன்றைத் தனஞ்செய் கீர் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். ஆசிரியர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுமாறு அவரைக் கரும்பலகைக்கு அழைக்கிறார். உடனே வகுப்பில் கூச்சல் எழுகிறது. மற்ற மாணவர்கள் தங்கள் உணவுப் பெட்டிகளைப் பலகைக்குப் பின்னால் வைத்திருந்தார்களாம். அவர் பலகையைத் தொடுவதற்கு முன்னே பாய்ந்து சென்று பெட்டிகளை அப்புறப்படுத்துகிறார்கள். கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது; பலகையும் இருந்தது; அழைப்பதற்கு ஓர் ஆசிரியரும் இருந்தார். இவை யாவும் இருந்தும், அவர் கைபட்டால் பலகை தீட்டாகும் என்னும் எண்ணமும் அவ்வகுப்பறையில் இருந்தது. பயிற்சிக் கல்லூரியில் கரும்பலகையைப் பயன்படுத்தும் முறைக்கு மதிப்பெண் உண்டு. எழுத்து நேராக இருக்கவேண்டும், ஆசிரியர் பலகையை மறைத்து நிற்கக்கூடாது என்றெல்லாம் விதிகள் உண்டு. பலகைக்கு யாரை அழைத்தீர்கள் என்று கேட்கும் விதி மட்டும் இல்லை.

நம் ஊருக்கு இது புதிய செய்தி அன்று. தாணுமாலயன் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நம்மவர் நடக்கக்கூடாது என்றிருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. வைக்கம் போராட்டத்தை அடுத்து 1926 இல் இங்கே சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்யும்வரை, பத்தாண்டுகள் அவ்வழக்கு தீராமல் கிடந்தது. போராட்டம் முதலில் கேட்டது கோவில் கருவறையை அன்று, வீதியைத்தான் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். வீதி பொதுப்பணத்தில் போடப்பட்டது, எல்லோர் கண்ணுக்கும் தெரிவது, நடப்பதற்கென்றே இருப்பது. அப்படியிருந்தும் அதில் கால்வைக்க ஒரு தலைமுறை போராடவேண்டியிருந்தது. இன்று அரசுப் பணத்தில் வரும் கணினியும் இணையமும் பொதுவீதி போன்றவையே. அவை வந்துவிட்டன என்பதாலேயே எல்லோரும் அதில் நடந்துவிட்டார்கள் என்று நாங்கள் எண்ணவில்லை.

நம் முன்னோர் புதுக்கருவி கண்டு அஞ்சி ஒதுங்கியவர்கள் அல்லர். பக்கத்து மயிலாடியில் வாழ்ந்த மகராசன் வேதமாணிக்கம் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். 1806 இல் அவர் ஊருக்கு ரிங்கல்தௌபே வந்து சேர்ந்தார்; பள்ளிகள் தோன்றின. 1818 இல் வந்த மீட் நாகர்கோவிலை மையமாக்கிச் சில ஆண்டுகளுக்குள் அங்கே ஓர் அச்சுக்கூடத்தையும் நிறுவினார். ஓலைச்சுவடி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வரவேண்டிய பொருள். கொடுக்கிறவர் மனம்வைத்தால்தான் உண்டு. அச்சுப் புத்தகமோ யார் கையையும் தீண்டாமல் நம் கைக்கு வந்து சேரக்கூடியது. இந்த வேறுபாட்டை நம் பாட்டனார்கள் நமக்கு முன்பே உணர்ந்திருப்பார்கள் என்றே எண்ணுகிறோம். அதே திருவிதாங்கூரில் 1907 இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யங்காளி, பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அதைப் பொறாதவர்கள் பள்ளியையே தீயிட்டார்கள். கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. ஒரு பெஞ்சில் நம் குழந்தை உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சையே எரித்துவிடலாம் என்று நினைத்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம்.

இனி எங்கள் கதைக்கு வருகிறோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தோம். பொதுத்தேர்வு இல்லாமலே தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. மறு ஆண்டு பதினோராம் வகுப்பும் அவ்வாறே கழிந்தது. அந்த இரண்டாண்டு வகுப்பறை எங்களுக்கு ஒரு கைபேசி. எங்கள் நால்வரில் இருவர் வீட்டில் அதுவும் இல்லை. மற்றொருவர் வீட்டில் இருந்தது. ஆனால் காலை ஏழு மணிக்குத் தந்தையாருடன் அது கட்டட வேலைக்குப் போய்விடும். வேலைக்கு அழைப்பு வருவதே அதில்தான். அதை வீட்டில் விட்டுச் செல்லுமாறு எப்படிக் கேட்பது? மாலையில் அது திரும்பி வரும்போது வகுப்பு முடிந்திருக்கும்; அண்ணன், தங்கை, தம்பி என்று மூவர் முறை வைத்துக் காத்திருப்பார்கள். எங்களுக்கு அந்நாளில் உண்மையில் உதவியது கைபேசி அன்று. 2019 ஆகஸ்டில் அரசு தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியே. காரணம் எளிது. 2006 முதல் அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி நம் தெருவில் பல வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. கைபேசியைச் சந்தையில் வாங்கவேண்டும். மாதந்தோறும் அதற்குப் பணமும் கட்டவேண்டும். தொலைக்காட்சியிலும் ஒரு குறை இருந்தது. புரியவில்லை என்று அதனிடம் சொல்ல முடியாது. அது தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகும். நாங்களும் தலையாட்டிக்கொண்டே இருந்தோம்.

எங்கள் வீடுகளில் மட்டும் இப்படி நேர்ந்ததோ என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். பொருளியலறிஞர் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் 2021 ஆகஸ்டில், பல மாநிலங்களின் எளிய குடும்பங்களில் ஏறக்குறைய 1400 பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி நடத்திய ஆய்வின் அறிக்கையைப் பின்னர் படித்தோம். நாட்டுப்புறத்தில் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் முறையாக இணையவழியில் படித்தவர் நூற்றுக்கு 4 பேர். மற்றவர்களில் 15 பேர். கைபேசி உள்ள வீடுகளிலும் அது வேலைக்குப் போகும் பெரியவர்களிடமே இருந்தது என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. அதைப் படித்தபோது எங்களுக்கு ஒருவகை ஆறுதலும் அதைவிடப் பெரிய கோபமும் ஒருங்கே ஏற்பட்டன. அந்த இரண்டாண்டுகளில் பின்தங்கிய பிள்ளைகளைச் 'சோம்பேறிகள்' என்று சொன்னவர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள். அவர்களில் நாங்களும் சிலநேரம் இருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. எங்களில் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அதில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலைதோறும் ஒன்றரை மணி நேரம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பலகை, சில அட்டைகள், தரையில் விரித்த பாய் இவற்றைத் தவிர அங்கே வேறு கருவி இல்லை. ஆசிரியராகவேண்டும் என்னும் எண்ணம் தமக்கு அந்தப் பாயில்தான் பிறந்தது என்று அவர் சொல்வதுண்டு.

இப்போது கற்பித்தல் பயிற்சியில் நேர்ந்ததைச் சொல்கிறோம். பள்ளியின் பெயர் வேண்டாம். இது எங்கள் குறையே தவிரப் பள்ளியின் குறை அன்று. எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒலியைப் பற்றிய பாடம். ஆய்வகத்தில் ஒலியின் அதிர்வெண்ணை அளக்கும் கருவி ஏதும் இல்லை. ஆனால் எங்கள் கைபேசியில் 'ஃபைபாக்ஸ்' என்னும் இலவசச் செயலி இருந்தது. ஜெர்மனியில் ஆகன் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது அது. கைபேசிக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒலிவாங்கியையும் பிற உணர்கருவிகளையும் கொண்டு அதிர்வெண், முடுக்கம், காந்தப்புலம் ஆகியவற்றை அளந்து காட்டும். ஆய்வகம் இல்லாத பள்ளிக்கு இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஒரே அளவுள்ள கண்ணாடிப் புட்டிகள் ஐந்தில் வெவ்வேறு அளவு நீர் ஊற்றி, கரண்டியால் தட்டி, ஒவ்வொன்றின் ஒலியையும் பிள்ளைகளே அளக்கட்டும் என்று திட்டமிட்டோம். சுசீந்திரம் கோவிலின் அலங்கார மண்டபத்தில், ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள் தட்டினால் வெவ்வேறு சுரம் எழுப்புவதைச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினோம். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

முதல் நாள் கைபேசியை முன்வரிசையில் கொடுத்தோம். நாற்பது நிமிட வகுப்பில் அது இரண்டு பெஞ்சுகளைத் தாண்டவில்லை. மணி அடித்துவிட்டது. பாடம் நன்றாக நடந்தது என்று மேற்பார்வை ஆசிரியர் பாராட்டினார், எங்களுக்கும் மகிழ்ச்சியே. அன்று மாலை வீடு திரும்பும் வழியில்தான், எங்களுக்கு முன்னால் நடந்து போன நான்கைந்து பிள்ளைகளைக் கண்டோம். நம் தெருவுக்குத் திரும்பும் வழியில் திரும்பினார்கள். அவர்கள் எந்தப் பெஞ்சில் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். எல்லோரும் கடைசி இரண்டு பெஞ்சுகள். அவர்களை அங்கே உட்காரவைத்தவர் யாரும் இல்லை, அவர்களாகவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் கைபேசியைக் கொடுக்காதவர்கள் நாங்கள். அதே தெருவில் பிறந்தவர்கள்.

மறுநாள் கடைசிப் பெஞ்சிலிருந்து தொடங்கினோம். ஒரு சிறுவன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஏனென்று கேட்டபோது, "சாரே, கீழ விழுந்து உடைஞ்சா ஆரு பைசா குடுப்பா?" என்றான். அந்தக் கைபேசிக்கு இன்னும் நான்கு மாதத் தவணை பாக்கி இருந்தது. உடைந்தால் உடையட்டும் என்று வாய் சொன்னதே ஒழிய, நெஞ்சு படபடத்ததை ஒப்புக்கொள்கிறோம். பிள்ளைகள் நீர் மிகுந்த புட்டியிலிருந்து குறைந்த புட்டிவரை ஒவ்வொன்றாகத் தட்டி எண்களை எழுதினார்கள். நீர் கூடக்கூட எண் இறங்கியது. அதே பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி, சொல்லாமலே, புட்டியின் வாயில் உதட்டை வைத்து ஊதினாள். எண் ஏறியது. நீர் மிகுந்த புட்டியை ஊதினாள், இன்னும் ஏறியது. "சாரே, இது தப்பாக் காட்டுது" என்று கைபேசியை நீட்டினாள்.

கருவி தப்பாகக் காட்டவில்லை. தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் அதனுள் உள்ள நீரும். நீர் கூடினால் அதிரவேண்டிய நிறை கூடும், ஆகவே அதிர்வெண் குறையும். ஊதும்போது அதிர்வது நீருக்கு மேலே உள்ள காற்று. நீர் கூடினால் காற்றுக்கு உள்ள இடம் குறையும், ஆகவே அதிர்வெண் ஏறும். இதனை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை; பத்து நிமிடம் வகுப்பே சச்சரவிட்டுக் கண்டுபிடித்தது. ஆனால் எங்கள் மனத்தில் தங்கியது விடை அன்று; 'இது தப்பாகக் காட்டுகிறது' என்று அந்தச் சிறுமி சொன்ன சொல். முதல் நாள் முன்வரிசையில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. பின்வரிசையில் எட்ட இருந்து பார்த்தவர்களோ சொல்லியிருக்கவே முடியாது. தன் கையால் தட்டி, தன் வாயால் ஊதி, தன் விரலால் அளந்தவளுக்கே கருவியை ஐயுறும் துணிவு வந்தது. திரையில் பிறர் காட்டுவதைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு, காட்டப்படுவதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இதனை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், எதைக் கேட்டாலும் நொடியில் நல்ல தமிழில் விடைசொல்லும் பொறிகள் நம் கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டன. அவை பலநேரம் சரியாகச் சொல்கின்றன. சிலநேரம் அதே உறுதியான குரலில் தவறாகவும் சொல்கின்றன. பாடத்திட்டம் எழுத நாங்களும் அவற்றைப் பயன்படுத்துகிறோம். ஒருமுறை நம் மாவட்ட வரலாற்றைக் கேட்டபோது, நம்மவர் நடத்திய போராட்டத்தை வேறு யாரோ இரக்கப்பட்டுச் செய்த உபகாரம்போல எழுதிக் கொடுத்தது. நாம் அறிந்ததால் திருத்தினோம். அறியாத பிள்ளை அதை அப்படியே தேர்வில் எழுதும். நம் மக்களைப் பற்றிப் பிறர் எழுதியதையெல்லாம் தின்று வளர்ந்த பொறியிடம், 'நீ தப்பாகச் சொல்கிறாய்' என்று சொல்லக்கூடிய பிள்ளை நமக்கு வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கட்டம்கட்டமாக அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் படம்பிடித்தால் பாடத்தின் காணொளி திறக்கும். நல்ல ஏற்பாடு, வீட்டில் கைபேசி இருந்தால். ஆசிரியர்களோ மாணவர் வருகை முதல் மதிய உணவுக் கணக்குவரை செயலியில் ஏற்றுவதிலேயே களைத்துப்போகிறார்கள். எங்கள் மேற்பார்வை ஆசிரியர் ஒருநாள் அதற்காகவே பாதி வகுப்பை இழந்தார். கருவி ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்தும் என்று பாடநூலில் படித்த எங்களுக்கு அது ஒரு பாடம்.

இனிச் சொல்லப்போவது சிலருக்கு வருத்தம் தரலாம். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். நம் கழகத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன் நன்கொடையாக ஒரு கணினி வந்தது. சிறுவர்களாக இருந்தபோது அதைப் பார்க்க நாங்கள் ஓடி வந்தது நன்றாக நினைவிருக்கிறது. அதன்மேல் பூப்போட்ட துணி போர்த்தியிருக்கும். ஏப்ரல் 14 அன்று துணியை எடுத்து, பொட்டு வைத்து, அண்ணலின் படத்துக்கு அருகில் வைப்பார்கள். செயலாளர் ஐயா மட்டும் அதை இயக்குவார். நாங்கள் கைகட்டி நின்று பார்ப்போம். பழுதாகிவிடக்கூடாது என்னும் அக்கறையினால்தான் அவ்வாறு செய்தார்கள். அரும்பாடுபட்டுச் சேர்த்த பொருளை இழந்துவிட அஞ்சும் நம் மக்களின் மனம் எங்களுக்குத் தெரியாததன்று. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்த அச்சிறுவனின் மனமும் அதுவே. ஆனால் அந்தக் கணினி பழுதாகாமலே பழசாகிப் போயிற்று. ஒரு பிள்ளையும் அதில் ஓர் எழுத்தைத் தட்டியதில்லை.

ஆகவே விழாக் குழுவினர் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். வெள்ளி விழா நினைவாகப் புதிய கணினி ஒன்று வாங்கிக் கண்ணாடி அறையில் வைக்கலாம் என்று ஒரு கருத்து இருப்பதாக அறிகிறோம். அதற்கு முன் மற்றொன்றைச் செய்து பார்க்கலாம். 2011 முதல் பல ஆண்டுகள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு இலவச மடிக்கணினி வழங்கியது. நம் தெருவில் எத்தனையோ அண்ணன்மாரும் அக்காமாரும் அதைப் பெற்றார்கள். அவை பல இன்று கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் கிடக்கின்றன. பெரும்பாலும் மின்கலம் செத்திருக்கும். மின்னிணைப்பு கொடுத்தால் ஓடும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்னும் கட்டற்ற இயங்குதளமும் அவற்றுள் விண்டோஸுடன் சேர்த்தே வந்தது. பழைய பொறிக்கு எளிய இயங்குதளமே போதும். கடந்த மாதம் வீடுவீடாகக் கேட்டதில் ஒன்பது மடிக்கணினிகள் வந்தன. நான்கு இப்போது இயங்குகின்றன. ஒன்றில் விசைகள் சில இல்லை. ஒன்றின் திரையில் ஒரு கோடு நிரந்தரமாக நிற்கிறது. அதற்குப் பிள்ளைகள் 'வரம்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இவற்றைக் கழகத்தின் படிப்பகத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் வைக்க இடம் தரவேண்டும். நாங்கள் நால்வரும் முறைவைத்து உடனிருப்போம். எடுப்பதற்கும் வைப்பதற்கும் ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறோம். அலமாரியின் சாவியை யார் வைத்திருப்பது என்பதில்தான் இன்னும் ஒருமித்த கருத்து எட்டவில்லை. பெரியவர் ஒருவரிடம் இருக்கட்டும் என்பது நிர்வாகக் குழுவின் எண்ணம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியிடமும் ஒரு சிறுவனிடமும் இருக்கட்டும் என்பது எங்கள் விண்ணப்பம். உடைந்தால் பழுதுபார்க்கும் செலவை எங்கள் முதல் ஆண்டுச் சம்பளத்திலிருந்து நால்வரும் பகிர்ந்து தருவதாக எழுதிக் கையொப்பமிட்டு, அவ்விண்ணப்பத்தை இன்று காலையே தலைவர் அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறோம்.